கம்ப்ரஸர் போட்டதும் குரல் பின்னால் போய்விடுகிறது: ஈக்யூ முதலிலா, கம்ப்ரஸர் முதலிலா?

குரல்வளை:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டு அறையில் ஒரு கண்டென்ஸர் மைக், இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ் வைத்துப் பாடிப் பதிவு செய்கிறேன். பாட்டில் அதிகம் எதுவும் இல்லை. அகூஸ்டிக் கிட்டார், பேஸ், ஒரு ட்ரம் லூப், மேலே என் குரல்.

குரலை சோலோ போட்டுக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஓடும்போது சில வார்த்தைகள் காணாமல் போகின்றன, சில வார்த்தைகள் காதைக் குத்துகின்றன. அதனால் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் போட்டேன். இப்போது சத்தம் சமமாகிவிட்டது, ஆனால் பாடுகிற ஆள் நாலு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்ட மாதிரி இருக்கிறது. ஃபேடரை ஏற்றினால் சத்தம்தான் கூடுகிறது, ஆள் பக்கத்தில் வரவில்லை.

கம்ப்ரஸரில் ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 8:1, அட்டாக் (பிடிக்க எடுக்கும் நேரம்) 0.5 மில்லி செகண்ட், ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) 40 மில்லி செகண்ட். மீட்டரில் கெயின் ரிடக்‌ஷன் 12 டெசிபல் வரை போகிறது, அவ்வளவு அமுக்குகிறது. அதற்குப் பின் ஈக்யூ, அதாவது அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது: 300 ஹெர்ட்ஸில் 5 டெசிபல் குறைத்து, 4 கிலோஹெர்ட்ஸில் 6 டெசிபல் ஏற்றியிருக்கிறேன். இது ப்ளகினோடு வந்த வோக்கல் ப்ரீசெட்.

ஈக்யூவை முன்னால் போட வேண்டுமா? பதிவு செய்யும்போதே கம்ப்ரஸ் செய்திருக்க வேண்டுமா? இல்லை, என் லெவலே தப்பா? பதிவில் பீக், அதாவது உச்ச அளவு, -1 டெசிபல் வரை வருகிறது.

பேஸ்காரன்:
8:1, 12 டெசிபல். பாவம் அந்தக் குரல் :)

ரேஷியோவை 3:1க்கு இறக்குங்கள். அட்டாக் 15. த்ரெஷோல்டை (கம்ப்ரஸர் பிடிக்கத் தொடங்கும் அளவு) ஏற்றி, கெயின் ரிடக்‌ஷன் 5ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று விளக்க பழைய டேப் ஐயா வருவார், எனக்கு இப்போது ரிஹர்சல்.

பழைய டேப்:
வந்துவிட்டேன். பேஸ்காரன் சொன்ன எண்கள் சரியான பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் எண்ணை மட்டும் மாற்றினால் அடுத்த பாட்டில் இதே கேள்வியோடு வருவீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஒரு குரல் பக்கத்தில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா என்பதைக் காது பெரும்பாலும் இரண்டு விஷயங்களை வைத்து முடிவு செய்கிறது. ஒன்று, மெய்யெழுத்துகளின் கூர்மை. க, ட, ப எல்லாம் தொடங்கும் அந்தச் சில மில்லி செகண்ட். இன்னொன்று, வாயிலிருந்து நேராக வரும் ஒலிக்கும் அறையில் பட்டுத் திரும்பும் ஒலிக்கும் உள்ள விகிதம். பக்கத்தில் நிற்பவர் குரலில் நேர் ஒலி நிறைய, அறை கொஞ்சம். தூரத்தில் நிற்பவருக்கு அப்படியே எதிர்.

உங்கள் செட்டிங் இந்த இரண்டையும் தலைகீழாக்குகிறது. அரை மில்லி செகண்டில் பிடிக்கும் அட்டாக் மெய்யெழுத்தின் முனையை மழுக்கிவிடுகிறது. 40 மில்லி செகண்டில் விட்டுவிடும் ரிலீஸ், வார்த்தை முடிந்த உடனே சத்தத்தைத் திரும்ப மேலே தூக்குகிறது. வார்த்தை முடிந்த இடத்தில் என்ன இருக்கிறது? மூச்சும் அறையும்தான். வார்த்தையை 12 டெசிபல் அமுக்கி, இடைவெளியை அமுக்காமல் விட்டு, குறைந்ததை ஈடுகட்டும் மேக்கப் கெயினில் எல்லாவற்றையும் 12 ஏற்றினால், உங்கள் அறை முன்பைவிட 12 டெசிபல் பெரிதாகக் கேட்கும். ஆள் பின்னால் போனது மாதிரி தோன்றுவது பிரமை இல்லை. பின்னால் நிற்பவரின் ஒலி எப்படி இருக்குமோ அப்படியே செய்து வைத்திருக்கிறீர்கள்.

கணக்கும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 4:1 என்றால் த்ரெஷோல்டுக்கு மேல் 8 டெசிபல் போகும் ஒலி 2 டெசிபல் மட்டும் மேலே போய் வெளிவரும், மீட்டர் 6 காட்டும். உங்கள் 8:1ல் 12 குறைகிறது என்றால், குரல் த்ரெஷோல்டைவிட கிட்டத்தட்ட 14 டெசிபல் மேலே ஓடுகிறது. அதாவது கம்ப்ரஸர் உரத்த இடங்களை மட்டும் பிடிக்கவில்லை. ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சைன்வேவ்:
அண்ணா, அப்படியானால் அட்டாக்கை எப்போதும் மெதுவாக வைத்தால் போதுமா?

பழைய டேப்:
இல்லை. மெதுவாக வைத்தால் முனைகள் தப்பித்துப் போகும், உடல் மட்டும் அமுங்கும். ரொம்ப மெதுவானால் ஒவ்வொரு வார்த்தையும் ஒரு குத்தோடு தொடங்கும். ஏற்கெனவே மெய்யெழுத்தை அழுத்திப் பாடுகிற ஆளுக்கு அது சகிக்காது. என்ன குறை என்று காது முதலில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் குமிழ்.

நேரலைக் காது:
இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பதிவு செய்யும்போதே கம்ப்ரஸ் செய்யலாமா? செய்யலாம், செய்ய வேண்டும் என்பது என் கட்சி. இன்டர்ஃபேஸுக்கு முன்னால் ஒரு ஹார்டுவேர் கம்ப்ரஸர் இருந்தால் 2 அல்லது 3 டெசிபல் பிடித்தபடி பதிவு செய்யுங்கள். பாடும்போதே பாட்டு மாதிரிக் கேட்கும். மிக்ஸில் உட்கார்ந்து நூறு ப்ளகினைத் திறந்து குழம்ப வேண்டியதும் இல்லை. முடிவெடுக்கப் பயந்து எல்லாவற்றையும் தள்ளிப்போடுவதுதான் இப்போதைய வியாதி.

பழைய டேப்:
உங்களிடம் நல்ல அறை இருக்கிறது, காது இருக்கிறது, கையில் இயந்திரம் இருக்கிறது. நீங்கள் செய்யலாம். கேள்வி கேட்டவரிடம் இருப்பது இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ்.

டேப் காலத்தில் உள்ளே போகும்போதே கம்ப்ரஸ் செய்ததற்கு ஒரு கட்டாயம் இருந்தது. டேப்புக்கு இரைச்சல் உண்டு. மெல்லிய இடம் அந்த இரைச்சலுக்குள் மூழ்கக் கூடாது, உரத்த இடம் டேப்பை மீறி உடையக் கூடாது. அந்த இடுக்குக்குள் குரலை அடக்க கம்ப்ரஸர் தேவைப்பட்டது. டிஜிட்டலில் அந்த இடுக்கு இல்லை. 16 பிட்டுக்குக் கணக்குப்படி 96 டெசிபல் இடம். 24 பிட்டுக்கு 144. ஒலியை எண்ணாக்கும் நிஜ கன்வெர்ட்டர்கள் அந்த 144ஐத் தொடுவதில்லை என்றாலும், ஒரு வீட்டு அறையின் அமைதிக்கும் உங்கள் உச்சக் குரலுக்கும் உள்ள தூரத்தைவிட அவை தரும் இடம் அதிகம். ஆகவே பீக்கை -1ல் வைக்க ஒரு காரணமும் இல்லை. -10 பக்கம் பீக், சராசரி -18 பக்கம். நிம்மதியாகப் பாடலாம்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. கம்ப்யூட்டருக்குள் ட்ராக்கில் போடும் கம்ப்ரஸர் ப்ளகின், கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே வரும்போதே கிளிப் ஆன, அதாவது உச்சம் உடைந்த, ஒலியை அது காப்பாற்றாது. வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டுகிற கதைதான். மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் கெயினைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

நேரலைக் காது:
லெவல் விஷயத்தில் சண்டை இல்லை. ஆனால் பாடுகிறவர் ஹெட்ஃபோனில் என்ன கேட்கிறாரோ அதற்குத்தான் பாடுவார். காய்ந்த, கம்ப்ரஸ் செய்யாத குரலைக் கேட்டுக்கொண்டு யாருக்கும் பாட மனசு வராது.

பழைய டேப்:
அதற்கு மானிட்டரில், அதாவது ஹெட்ஃபோனுக்குப் போகும் ஒலியில், மட்டும் கம்ப்ரஸர் போடுங்கள், பதிவாகும் ஃபைல் சுத்தமாக இருக்கட்டும். பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுக்கும் ஒலித் துண்டு) 128 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு பஃபருக்கு 2.7 மில்லி செகண்ட் தாமதம். போக, வர, கன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலானவர்களால் பாட முடிகிற அளவுதான். ஆனால் ஹெட்ஃபோனில் கம்ப்ரஷனை அளவாகப் போடுங்கள். ஓங்கிப் பாடியும் காதில் சத்தம் கூடவில்லை என்றால் பாடுகிறவர் இன்னும் ஓங்குவார், தொண்டை போய்விடும்.

அலைநீளம்:
ஈக்யூ முதலிலா, கம்ப்ரஸர் முதலிலா என்ற கேள்விக்கு வருகிறேன். மந்திரம் மாதிரி ஒரு விதியைச் சொல்லிவிட்டுப் போக எல்லோருக்கும் ஆசை. அதைவிட, கம்ப்ரஸர் எதைப் பார்த்து வேலை செய்கிறது என்று யோசித்தால் விடை தானாக வரும்.

கம்ப்ரஸருக்கு 'க' தெரியாது, 'ஆ' தெரியாது, பாடுகிறவர் யார் என்றும் தெரியாது. உள்ளே வரும் மொத்த அளவு மட்டும்தான் தெரியும். குரலில் அந்த அளவின் பெரும்பகுதி கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. மைக் ஸ்டாண்டை யாராவது தட்டினால் வரும் 40 ஹெர்ட்ஸ் 'தும்', 'ப' சொல்லும்போது காற்று மோதும் 'புஸ்', இரண்டும் சின்ன ஸ்பீக்கரில் உங்களுக்குக் கேட்காமலே போகலாம். ஆனால் கம்ப்ரஸருக்குக் கேட்கும், உடனே மொத்தக் குரலையும் அமுக்கும். காரணமே தெரியாமல் ஒரு வார்த்தை மூழ்குவது இதனால்தான். ஆகவே கீழ் அதிர்வெண்களை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் கம்ப்ரஸருக்கு முன்னால். 80 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்குங்கள். பெண் குரல் என்றால் 100, 120 வரைகூடப் போகலாம், குரல் மெலிகிற இடம் வந்ததும் திரும்பி வாருங்கள்.

மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் பாடினால், முன்பக்கத்தை அதிகம் பிடிக்கும் கார்டியாய்ட் மைக்கில் கீழ் அதிர்வெண்கள் வீங்கும். அந்த வீக்கமும் முன்னாலேயே குறைய வேண்டும், இல்லாவிட்டால் தலை மைக் பக்கம் சாயும்போதெல்லாம் கம்ப்ரஸர் பதறும்.

ஏற்றுவது வேறு கதை. 4 கிலோஹெர்ட்ஸை 6 டெசிபல் ஏற்றிவிட்டு அதற்குப் பின் கம்ப்ரஸர் போட்டால், கூரான எழுத்து வரும்போதெல்லாம் கம்ப்ரஸர் அதைப் பார்த்து அமுக்கும். நீங்கள் கொடுத்ததில் ஒரு பங்கை அது திருப்பி எடுத்துக்கொள்ளும். சில குரலுக்கு அதுவே மென்மையாகப் பொருந்தும். பொதுவாக, வெட்டுவது முன்னால், ஏற்றுவது பின்னால் என்று தொடங்கிக் கேட்டுப் பாருங்கள்.

ஒலியைத் தொடாமல் கம்ப்ரஸரின் காதை மட்டும் மாற்ற வேண்டும் என்றால், பல ப்ளகின்களில் சைட்செயின் ஃபில்டர் இருக்கும். அதில் ஹை பாஸை 100 அல்லது 150ல் வைத்தால், கம்ப்ரஸர் அதற்குக் கீழே உள்ளதைக் கண்டுகொள்ளாது, ஆனால் ஒலியில் அது அப்படியே இருக்கும்.

குரல்வளை:
நன்றி. சொன்னபடி ரேஷியோ 3, அட்டாக் 15, ரிலீஸ் 120, ஹை பாஸ் 100ல் முன்னால். குரல் உண்மையிலேயே முன்னால் வந்துவிட்டது.

ஆனால் இப்போது இரண்டு புதுத் தொல்லை. 'ஸ', 'ச' எல்லாம் சீறுகிறது. அதைவிட எரிச்சல், குரலில் ஒரு தகர டப்பா ஒலி. முன்பே இருந்ததுதான், இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஒரு குறுகிய பேண்டை ஏற்றிக்கொண்டு இடம் இடமாக நகர்த்தித் தேடினேன். 500 பக்கம் அசிங்கமாக இருந்தது, குறைத்தேன். உடனே 1500 பக்கம் அசிங்கமாகத் தெரிகிறது. அதைக் குறைத்தால் 2500. இப்படியே போனால் குரலே மிஞ்சாது போலிருக்கிறது. மைக் மேசை ஓரத்தில், லேப்டாப்புக்குப் பின்னால் இருக்கிறது, நான் உட்கார்ந்து பாடுகிறேன்.

நேரலைக் காது:
முதலில் அந்தத் தேடும் பழக்கத்தை விடுங்கள். குறுகிய பேண்டை 10 டெசிபல் ஏற்றி நகர்த்தினால் உலகத்தின் மிக அழகான குரலிலும் எல்லா இடமும் அசிங்கமாகத்தான் கேட்கும். கெடுத்துவிட்டு, கெட்டிருக்கிறதே என்று வெட்டுவது என்ன வைத்தியம்? தொல்லையை முதலில் காதால் கேளுங்கள். எந்தப் பக்கம் என்று ஊகியுங்கள். அகலமாக 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். சரியாகவில்லையா, எடுத்துவிடுங்கள்.

அலைநீளம்:
500, 1500, 2500. இந்த மூன்று எண்ணைப் பார்த்ததும் எனக்கு மேசைதான் ஞாபகம் வந்தது.

வாயிலிருந்து மைக்குக்கு ஒலி நேராக ஒரு வழியில் போகிறது. இன்னொரு பங்கு மேசையில் பட்டு எகிறி, கொஞ்சம் தாமதமாக அதே மைக்குக்குப் போகிறது. எகிறிய பாதை நேர்ப்பாதையைவிட 34 சென்டிமீட்டர் நீளம் என்று வையுங்கள். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் ஓடுகிறது, ஆகவே தாமதம் 1 மில்லி செகண்ட். 1 மில்லி செகண்ட் என்பது 500 ஹெர்ட்ஸுக்கு அரைச் சுழற்சி. நேர் ஒலி மேலே போகும்போது எகிறிய ஒலி கீழே போகிறது, ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. 1500க்கு ஒன்றரைச் சுழற்சி, 2500க்கு இரண்டரை. அங்கேயும் அதே கதி. நடுவில் 1000, 2000, 3000ல் இரண்டும் சேர்ந்து வீங்கும். குழி, மேடு, குழி, மேடு என்று சீராகப் போகும் இதைத்தான் கோம்ப் ஃபில்டர் என்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த இடங்களில் ஒலி அதிகமாக இல்லை, குறைவாக இருக்கிறது. நீங்கள் அசிங்கம் என்று வெட்டிய இடம் ஏற்கெனவே குழி. ஈக்யூவால் ஏற்றியும் நிரப்ப முடியாது, ஏனென்றால் தலையைக் கொஞ்சம் அசைத்தால் பாதை நீளம் மாறும், குழிகளும் கூடவே நகரும். ஈக்யூ ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும்.

சோதனை எளிது. கனமான கம்பளியை நாலாக மடித்து மேசைமேல் போட்டு ஒரு வரி பாடிப் பதிவு செய்யுங்கள். வித்தியாசம் தெரிந்தால் குற்றவாளி மேசைதான். அப்புறம் மேசையை விட்டு எழுந்து, மைக்கை ஸ்டாண்டில் வைத்து நின்று பாடுங்கள். முதுகுக்குப் பின்னால் கனமான துணியோ மெத்தையோ இருக்கட்டும். மைக் முன்பக்கத்தைத்தானே கேட்கிறது, நீங்கள் பார்க்கும் சுவரைவிட உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவர்தான் அதன் பார்வையில் விழுகிறது. வாயை மைக்கின் நேர் நடுவில் வைக்காமல் சற்று விலக்கிப் பாடினால் 'ப' வெடிப்பும் குறையும்.

பழைய டேப்:
அலைநீளம் சொன்னதோடு சீறலையும் முடித்துவிடலாம். 'ஸ' சீறுவதற்குக் காரணம் கம்ப்ரஸர் அதைத் தூக்கியது இல்லை, அதைப் பிடிக்காமல் விட்டது. உயிரெழுத்தில் சக்தி அதிகம், கம்ப்ரஸர் அமுக்குகிறது. 'ஸ' மீட்டரில் சின்னது, த்ரெஷோல்டைத் தொடுவதே இல்லை. ஆனால் 5லிருந்து 8 கிலோஹெர்ட்ஸ் வரை காதுக்கு அது பெரிது. எல்லாவற்றையும் சேர்த்து மேக்கப் கெயினில் ஏற்றும்போது 'ஸ' மட்டும் முழுசாக ஏறுகிறது. போதாக்குறைக்கு நீங்கள் 4 கிலோஹெர்ட்ஸில் 6 டெசிபல் கொடுத்திருக்கிறீர்கள், அதன் சரிவு மேலேயும் போகும்.

சீறலை மட்டும் குறைக்கும் டீ-எஸ்ஸர் போடலாம். நான் பெரும்பாலும் ட்ராக்கில் ஒவ்வொரு 'ஸ'வையும் வெட்டித் தனித் துண்டாக்கி, கிளிப் கெயினில், அதாவது அந்தத் துண்டின் சத்தத்தில், 4 டெசிபல் குறைத்துவிடுவேன். சலிப்பான வேலை. ஆனால் டீ-எஸ்ஸர் தவறாகப் பிடித்து நாக்கு தடித்தவர் மாதிரி ஆக்குகிற ஆபத்து இதில் இல்லை.

அதே கிளிப் கெயின் வேலையை வார்த்தைகளுக்கும் செய்யுங்கள், கம்ப்ரஸருக்கு முன்னால். ரொம்ப மெலிந்த வரியை 3 டெசிபல் ஏற்றுங்கள், கத்திய இடத்தை 4 குறையுங்கள். கம்ப்ரஸருக்கு அதன்பின் சின்ன வேலைதான் மிஞ்சும், சின்ன வேலையை அது அழகாகச் செய்யும்.

பேஸ்காரன்:
ரிஹர்சல் முடிந்தது. ஐயா, ஒரு சந்தேகம். வேகமான அட்டாக் குரலைக் கெடுக்கும் என்கிறீர்கள். 1176 என்ற பழைய கம்ப்ரஸரின் அட்டாக் 20 மைக்ரோ செகண்டிலிருந்து 800 மைக்ரோ செகண்ட் வரை. அதாவது அதன் மிக மெதுவான அட்டாக்கே 1 மில்லி செகண்டுக்குக் கீழே. ஆனால் அதைப் போட்டு எத்தனையோ குரல்களைப் பதிவு செய்திருக்கிறார்களே?

பழைய டேப்:
நல்ல கேள்வி, இதைத்தான் எதிர்பார்த்தேன்.

ஒலிப்பொறியாளர் பில் பட்னம் 1960களின் கடைசியில் கொண்டுவந்த இயந்திரம் அது. எஃப்இடி என்ற ட்ரான்சிஸ்டரை கெயினைக் குறைக்கும் பகுதியாக வைத்தார், அதனால்தான் அவ்வளவு வேகம். அதை வோக்கலில் போடுகிறவர்கள் பெரும்பாலும் 4:1ல், அட்டாக்கை மெதுவான பக்கம் திருப்பி, உச்சங்களில் சில டெசிபல் மட்டும் பிடிக்க விடுவார்கள். வேகமாகப் பிடித்தாலும் பிடிப்பது கொஞ்சம்தான், அதனால் முனை முழுசாகச் சாவதில்லை. உங்கள் ப்ளகினில் பழகுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் அட்டாக், ரிலீஸ் குமிழ்கள் தலைகீழ். 7 என்பது வேகம், 1 என்பது மெதுவு. 7ல் வைத்துவிட்டு 'மெதுவாகத்தான் வைத்திருக்கிறேன், ஏன் தட்டையாக இருக்கிறது' என்று கேட்டவர்கள் நிறைய. அதில் த்ரெஷோல்ட் குமிழும் கிடையாது. இன்புட்டை ஏற்றினால் ஒலி நிலையான த்ரெஷோல்டுக்குள் தள்ளப்படும்.

எல்ஏ-2ஏ என்ற கம்ப்ரஸர் இதற்கு நேர் எதிர். உள்ளே ஒரு ஒளித்தகடும் அதைப் பார்க்கும் ஒளி உணரியும். ஒலி கூடினால் வெளிச்சம் கூடும், உணரியின் தடை மாறும், கெயின் குறையும். அட்டாக் சராசரியாக 10 மில்லி செகண்ட். ரிலீஸில் முதல் பாதி சுமார் 60 மில்லி செகண்டில் திரும்பிவிடும், மீதிப் பாதிக்கு அரை நொடியிலிருந்து 5 நொடி வரை எடுத்துக்கொள்ளும். நீண்ட நேரம் அழுத்திப் பாடினால் திரும்பவும் நீண்ட நேரம். ஒரே நேரத்தில் இரண்டு வேகம் இருப்பதால் வார்த்தைக்கு வார்த்தை பதறாமல், வரிக்கு வரி சமன் செய்கிற மாதிரிக் கேட்கும். குமிழ் இரண்டே இரண்டு.

அதனால்தான் முதலில் 1176 உச்சத்தை 2, 3 டெசிபல் தட்டும், பின்னால் எல்ஏ-2ஏ நிதானமாக 3, 4 டெசிபல் சமன் செய்யும் என்ற ஜோடி பிரபலமானது. ஒரே கம்ப்ரஸரிடம் 7 டெசிபல் கேட்டால் அது வேலை செய்வது கேட்கும். இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுத்தால் கேட்காது. அந்தப் பெயர்கள் உள்ள ப்ளகின் தேவையில்லை, உங்கள் மென்பொருளில் உள்ள சாதாரண கம்ப்ரஸரை இரண்டு முறை போட்டாலே போதும்.

பேஸ்காரன்:
அப்படியே பேஸுக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பட்டதை வேறு யாரும் பட வேண்டாம். பேஸில் ரிலீஸை 10 மில்லி செகண்ட் மாதிரி வைத்தால் ஒலி உறுமும். கீழ் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஒரு சுழற்சிக்கு 24 மில்லி செகண்ட். ரிலீஸ் அதைவிட வேகமாக இருந்தால் கம்ப்ரஸர் சத்தத்தின் அளவைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு அலையின் மேடு பள்ளத்தையே பின்தொடரும், அலை வடிவமே கோணும். சில பேர் அதை விரும்பிச் செய்கிறார்கள். தெரிந்து செய்தால் சரி.

சைன்வேவ்:
எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு அட்டவணை போடுகிறார்கள். 250 ஹெர்ட்ஸ் மண் (கலங்கல்), 400 டப்பா, 3 கிலோஹெர்ட்ஸ் தெளிவு, 12 கிலோஹெர்ட்ஸ் காற்று. இதைப் பின்பற்றலாமா? நான் பின்பற்றினால் ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் இருக்கிறது, அடுத்த நாள் கேட்டால் மோசமாக இருக்கிறது.

நேரலைக் காது:
அட்டவணை வழி காட்டும், முடிவு சொல்லாது. ஆழ்ந்த ஆண் குரலின் அடிச் சுருதி 100 ஹெர்ட்ஸ், உயர்ந்து பாடும் பெண் குரலுக்கு 400ஐத் தாண்டும். ஒருவருக்கு டப்பா என்று வெட்டும் இடத்தில் இன்னொருவருக்குப் பாட்டின் சுருதியே இருக்கிறது.

ஒவ்வொரு தடவையும் நன்றாக இருப்பதற்குக் காரணம் வேறு. ஈக்யூவில் ஏற்றினால் மொத்தச் சத்தமும் கூடும். கம்ப்ரஸரில் மேக்கப் கெயின் அதிகமானாலும் அப்படித்தான். சத்தம் கூடினால் மனிதக் காது அதை 'நல்லது' என்றே வாசிக்கும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே காட்டியது: சத்தம் குறைவாக இருக்கும்போது கீழ் அதிர்வெண்களைக் காது சரியாகப் பிடிக்காது, சத்தம் கூடக் கூட அவை நிறைந்து கேட்கும். ஆகவே சும்மா 1 டெசிபல் ஏற்றினாலே ஒலி செழித்த மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு ப்ளகினின் அவுட்புட்டையும் குறைத்து, பைபாஸ் செய்தாலும் (ப்ளகினை விலக்கிக் கேட்டாலும்) செய்யாவிட்டாலும் சத்தம் ஒன்றாக இருக்கும்படி வையுங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ் பொத்தானைப் பலமுறை தட்டி, எது எது என்று மறந்த பிறகு கேளுங்கள். பாதி ப்ளகின்களை நீங்களே கழற்றிவிடுவீர்கள்.

அலைநீளம்:
கூடவே ஒன்று. எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவு தாமதிக்கும் லீனியர் ஃபேஸ் ஈக்யூ என்றால் உயர்ந்தது என்று எல்லா ட்ராக்கிலும் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். கீழ் அதிர்வெண்ணில் செங்குத்தாக வெட்டினால் அது ட்ரம் அடிக்கு முன்பே ஒரு மங்கிய நிழலை உண்டாக்கும். சாதாரண மினிமம் ஃபேஸ் ஈக்யூ பெரும்பாலான வேலைக்குச் சரியானது. ஒரே வாத்தியத்தை இரண்டு மைக்கில் எடுத்து, ஒன்றை மட்டும் ஈக்யூ செய்கிற இடத்தில்தான் ஃபேஸ் (அலைகளின் கால ஒத்திசைவு) பற்றி யோசிக்க வேண்டும்.

குரல்வளை:
கம்பளி போட்டேன். டப்பா பாதி போய்விட்டது! நின்றுகொண்டு, பின்னால் மெத்தையை நிமிர்த்தி வைத்துப் பாடினேன், மீதியும் போய்விட்டது. குரல் ட்ராக்கில் இப்போது ஹை பாஸும், 250ல் ஒரு 2 டெசிபல் குறைப்பும் மட்டும்தான். 4 கிலோஹெர்ட்ஸ் ஏற்றத்தை எடுத்துவிட்டேன்.

ஆனால் கிட்டார் அடர்த்தியாக வாசிக்கும் இடத்தில் மட்டும் வார்த்தை இன்னும் கொஞ்சம் மங்குகிறது. திரும்ப 4 கிலோஹெர்ட்ஸை ஏற்ற வேண்டுமா?

பழைய டேப்:
குரலைத் தொடாதீர்கள். கிட்டாரைத் தொடுங்கள். குரலின் தெளிவு இருக்கும் அதே 2லிருந்து 4 கிலோஹெர்ட்ஸில் கம்பியைத் தட்டும் ஒலியும் இருக்கிறது. கிட்டாரில் அந்த இடத்தை அகலமாக 2, 3 டெசிபல் குறையுங்கள், குரல் ஏற்றாமலே மேலே வரும். கிட்டாரை சோலோவில் கேட்டால் சற்று மந்தமாகத் தெரியும், கவலைப்படாதீர்கள், யாரும் அதைத் தனியாகக் கேட்கப் போவதில்லை. குரல் பாடும்போது மட்டும் குறைய வேண்டும் என்றால், குரலை சைட்செயினாக எடுத்துக்கொள்ளும் டைனமிக் ஈக்யூ உண்டு. ஆனால் அதற்கு முன் கிட்டாரை 1 டெசிபல் இறக்கிப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

நேரலைக் காது:
கிட்டாரை ஒரு பக்கம் பேன் செய்வதும் உண்டு. எல்லாம் நடுவில் நின்றால் இடிக்கத்தான் செய்யும். (மோனோவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.)

குரல்வளை:
கிட்டாரில் 3 கிலோஹெர்ட்ஸில் 2.5 குறைத்தேன், அவ்வளவுதான், வார்த்தை தெரிகிறது. கடைசியாக ஒன்று. மாஸ்டரில் உச்சத்தைத் தடுக்கும் லிமிட்டர் போட்டு -14 லஃப்ஸுக்கு (மொத்தப் பாட்டின் உரப்பு அளவு) கொண்டுவர வேண்டும் என்கிறார்களே, கட்டாயமா? அப்புறம், சரணத்தில் கம்ப்ரஸர் மீட்டர் அசைவதே இல்லை, பல்லவியில் மட்டும் 6 வரை போகிறது. இது சரியா?

அலைநீளம்:
-14 என்பது சில ஸ்ட்ரீமிங் தளங்கள் பாடல்களைச் சமப்படுத்த வைத்திருக்கும் அளவு. அதைவிட உரக்கக் கொடுத்தால் இறக்கிவிடுவார்கள். அதை இலக்காக வைத்து மிக்ஸ் செய்யத் தேவையில்லை. லிமிட்டர் எவ்வளவு அமுக்கினால் உங்கள் பாட்டு மூச்சு விடவில்லையோ அதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். ட்ரூ பீக் (நிஜ உச்ச அளவு) மட்டும் -1ஐத் தாண்டாமல் இருக்கட்டும், எம்பி3 மாதிரி ஃபார்மட்டுக்கு மாற்றும்போது உச்சங்கள் கொஞ்சம் எகிறும்.

பழைய டேப்:
சரணத்தில் மெல்லப் பாடுகிறீர்கள், த்ரெஷோல்ட் பல்லவிக்கு வைத்தது. இரண்டுக்கும் ஒரே த்ரெஷோல்ட் பொருந்தாது. சரணத்தையும் பல்லவியையும் இரண்டு ட்ராக்காகப் பிரித்து, சரணத்தின் கம்ப்ரஸரில் த்ரெஷோல்டை 5, 6 டெசிபல் இறக்கி, 2 அல்லது 3 டெசிபல் பிடிக்க விடுங்கள். பல்லவியில் 6 போவது அதிகம் என்று தோன்றினால் முதலில் கிளிப் கெயினில் உரத்த வரிகளைக் குறையுங்கள், குமிழைத் தொட வேண்டாம். இரண்டு ட்ராக்கும் ஒரே பஸ்ஸுக்கு (ட்ராக்குகள் ஒன்றுசேரும் தடம்) போகட்டும், இரண்டாவது கம்ப்ரஸர் அங்கே இருக்கட்டும். பிரிக்கும் இடத்தில் மூச்சு நடுவில் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேஸ்காரன்:
முடிந்ததும் மிக்ஸை இங்கே போடுங்கள். பேஸ் கேட்கவில்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா :)